வெயிலுக்குப் பயந்து அம்மாவை டிசம்பருக்குத் தள்ளிப் போடாதே

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் 1998 செட் மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வகுப்பிலேயே அழகாக மேப் வரைவானே, அவன்தான் என்றால் அந்த செட்டுக்குத் தெரியும். அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டி வேலையில் இருக்கிறான். அவன் அப்பா போன ஐப்பசியில் தவறிவிட்டார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். விசா கையில் இருக்கிறது. ஜூன் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறான். சித்தப்பாவிலிருந்து மச்சான் வரைக்கும் எல்லோரும் ஒரே பாட்டு: "ஜூன்ல அந்த ஊர் அடுப்பு மாதிரி இருக்கும். வயசானவங்க தாங்க மாட்டாங்க. டிசம்பர்ல கூட்டிட்டுப் போ. வெயில் காலத்துல அங்க பார்க்கவும் ஒண்ணும் இருக்காது."

"நீங்க ரெண்டு தடவை வந்திருக்கீங்களே சார், நீங்க சொல்லுங்க" என்றான். போனில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. இதே கேள்வி துபாயில் இருப்பவனுக்கும் தோஹாவில் இருப்பவளுக்கும் உண்டு என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் அபிப்பிராயம்: ஜூனிலேயே கூட்டிப் போ.

வெயில் ஒன்றும் பெரிதில்லை என்று சொல்ல வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே வெயிலை அலட்சியம் செய்து விழுந்தவன் நான்.

2023 ஜூனில் நானும் வீட்டம்மாவும் முதல் முறையாகப் போனோம். மகன் வீடு சாண்ட்லரில். அந்த வருஷம் பார்த்து, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி அடித்தது. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். காரில் ஏறினால் சீட் பெல்ட்டின் கொக்கி சுடும். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் என்பதே கிடையாது, வெந்நீர்தான். மகன் பயந்துபோய் எங்களை வெளியே விடவில்லை. ஜன்னல் திரையெல்லாம் இறக்கிவிட்டு, ஏசியைப் போட்டு, டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். மூன்று வாரம் அப்படியே போனது. வீட்டம்மா ஆரம்பத்தில் "ஜெயில்லகூட ஒரு மணி நேரம் வெளியே விடுவாங்க" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு ஒரு நாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தங்கச்சிக்கு போன் போட்டு அழுவது என் காதில் விழுந்தது.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு மைல் தூரத்தில் கடை. நாற்பது டிகிரி நமக்குத் தெரியாததா, கோடையில் வைகை மணலில் நடந்தவன்தானே என்று ஒரு நினைப்பு. இருபது நிமிஷம்தான். தலை சுற்றி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் நிறுத்தத்தின் ஒரு சாண் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். காரில் போன ஒரு பெண்மணி நிறுத்தி, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்து, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மகன் திட்டவில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் நடத்தியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரப்பதம் உண்டு, வேர்த்து ஊற்றும், சட்டை நனையும், உடம்பே எச்சரிக்கும். அந்த வறண்ட காற்றில் வேர்வை வந்த கணமே ஆவியாகிவிடும். தோல் காய்ந்தே இருக்கும், உள்ளே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வேர்க்கவில்லையே என்று நாம் நடந்துகொண்டே இருப்போம். அந்த ஒரே வருஷத்தில் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிக்கோப்பா மாவட்டத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர் என்று மாவட்ட நிர்வாகமே கணக்குக் கொடுத்தது. வீடில்லாமல் தெருவில் கிடந்தவர்கள், ஏசி கெட்டுப்போன வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள். ஆகையால் குழுவில் "அடுப்பு" என்று எழுதிய சித்தப்பாவை நான் தப்புச் சொல்லவில்லை. "பார்க்க ஒண்ணும் இருக்காது" என்ற இடத்தில்தான் அவர் தவறுகிறார்.

பேரன்தான் வழி காட்டினான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பாலைவனத் தாவரவியல் பூங்காவில் கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் டார்ச் விளக்குடன் சுற்றிப் பார்க்கும் நிகழ்ச்சி உண்டு, பள்ளியில் ஒருவன் போய் வந்தானாம், கூட்டிப் போ என்று ஒரே பிடிவாதம். 1939இல் தொடங்கிய பூங்கா அது. பொழுது சாய்ந்த பிறகு போனோம். கார் நிறுத்துமிடத்தில் இறங்கியவுடன் எனக்கு ஆச்சரியம். பகலில் ஒரு மனிதத் தலைகூடத் தெரியாத ஊரில், தள்ளுவண்டியில் குழந்தை, கைத்தடி ஊன்றிய தாத்தா, தாவணி மாதிரி எதையோ போர்த்திய பாட்டி என்று திருவிழாக் கூட்டம். இருட்டில் நூறு டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஆடுகிறது. ஒரு மேஜையில் தேளை வைத்து ஊதாக்கதிர் விளக்கைக் காட்டினார்கள். தேள் பச்சை நிறத்தில் ஜொலிக்கிறது! ஊரில் தேளைக் கண்டால் செருப்பைத் தேடுகிறவள், அங்கே குனிந்து குனிந்து பார்த்தாள்.

சவாரோ என்று ஒரு கள்ளி. சினிமாவில் கௌபாய் படத்தில் பார்த்திருப்பீர்கள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்குமே, அது. அந்த முதல் கை முளைக்கவே 50 முதல் 75 வருஷம் ஆகும் என்றார் அங்கிருந்த தன்னார்வலர். பூ இரவில் விரியும், வௌவால் வந்து தேன் குடிக்கும். பேரனை மொழிபெயர்க்கச் சொல்லி வீட்டம்மா கேட்ட கேள்விகளை எண்ணினால் பத்துக்குக் குறையாது. வீட்டுக்கு வரும்போது மணி பத்து. மறுநாள் தங்கச்சிக்குப் போன் போட்டாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர் கோடையில் தூங்கவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கே கால்வாய்க் கரைகளில் நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். (அந்தக் கால்வாய்களுக்கும் ஒரு கதை உண்டு. ஹோஹோகம் என்ற ஆதிகுடிகள் பல நூற்றாண்டுக்கு முன்பே வெட்டிய வாய்க்கால்களின் தடத்தில்தான் இன்றைய நகரம் எழுந்தது. அழிந்துபோன ஊரின் மேல் மறுபடி எழுந்ததால்தான் ஃபீனிக்ஸ் பறவையின் பெயர்.) எட்டு மணிக்குள் எல்லோரும் உள்ளே. மறுபடி ஊர் உயிர்பெறுவது பொழுது சாய்ந்த பிறகு. நான் உங்களுக்குப் பத்தாம் வகுப்பில் பாலைவனம் நடத்தியபோது "மணல், ஒட்டகம், பேரீச்சை, ஒன்றும் விளையாது" என்று நாலு வரியில் முடித்தேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். பாதி தப்பு.

2024இல் இரண்டாம் முறை போனபோது தயாராகப் போனோம். அந்த வருஷமும் லேசுப்பட்டதில்லை. 113 நாள் தொடர்ச்சியாக 100 டிகிரியைத் தொட்டது. ஆனால் நாங்கள் ஒரு நாள்கூட அழவில்லை.

ஜூன் 20ஆம் தேதி, ஆண்டின் நீண்ட பகல். நகரத்தின் மைய நூலகத்துக்கு, பர்ட்டன் பார் நூலகம் என்று பெயர், மகன் கூட்டிப் போனான். 1995இல் வில் புரூடர் என்ற கட்டிடக் கலைஞர் கட்டியது. ஐந்தாவது தளத்தில் பிரம்மாண்டமான வாசிப்பறை. அதன் தூண்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தூணுக்கும் மேலே கூரையில் ஒரு வட்டக் கண்ணாடி. வருஷத்தில் அந்த நாளில், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், அந்தக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கித் தூணின் தலையில் விழும். மெழுகுவர்த்தி ஏற்றினது போல வரிசையாகத் தூண்கள் சுடர்விடும். இதைப் பார்க்க ஒரு கூட்டம் அண்ணாந்துகொண்டு நிற்கிறது. டிக்கெட் கிடையாது, பேச்சாளர் கிடையாது, பொன்னாடை கிடையாது.

உச்சி நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டரை. ஏன் பன்னிரண்டு இல்லை என்று பேரன் கேட்டான். எனக்கு அந்தப் பயணத்தின் மிகப் பெரிய சந்தோஷம் அதுதான். அவர்கள் கடிகாரம் மேற்கு 105 டிகிரி தீர்க்கரேகைக்கு, ஊர் இருப்பதோ ஏறக்குறைய 112 டிகிரியில்; ஏழு டிகிரி வித்தியாசம், டிகிரிக்கு நாலு நிமிஷம், ஆக 28 நிமிஷம் என்று அங்கேயே விரல் விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் மதுரையில் சூரியன் சித்திரையில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை தலைக்கு நேர் மேலே வருவதையும், ஃபீனிக்ஸில் ஒருநாளும் நேர் மேலே வராததையும் சொன்னேன். "அப்புறம் ஏன் தாத்தா இங்கே இவ்வளவு வெயில்?" என்றான். நல்ல கேள்வி. உங்களில் பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள் பார்ப்போம்.

தமிழய்யா பக்கத்தில் இருந்திருந்தால், பாலைத் திணைக்குப் பொழுது வேனிலும் நண்பகலும் என்று சொல்லியிருப்பார். அதற்கு உரிய ஒழுக்கம் பிரிதல் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். பிள்ளைகளைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

இன்னொரு இடம். நகர மையத்தில் ஒரு பூங்காவின் மேலே, 145 அடி உயரத்தில், வளையங்களில் கட்டிய ஒரு பெரிய வலை தொங்குகிறது. காற்றில் அசைகிறது. இரவில் விளக்குப் போடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குக் கோடையில் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பருவத்துக்குத் தக்கபடி நிறம் மாறும்படி அமைத்திருக்கிறார்கள். "அவளது ரகசியம் பொறுமை" என்று அந்தச் சிற்பத்துக்குப் பெயர். 2009இல் வைத்தது. செய்தவர் ஜேனட் எகல்மேன். இந்தம்மாவுக்கு வலையில் சிற்பம் செய்யும் யோசனை எங்கே வந்தது தெரியுமா? நம் மாமல்லபுரத்தில்! 1997இல் உதவித்தொகையில் ஓவியம் கற்பிக்கவும் கண்காட்சி வைக்கவும் இந்தியா வந்தவர். அனுப்பிவைத்த வண்ணங்கள் வந்து சேரவில்லை. கண்காட்சி நெருங்குகிறது, கையில் ஒன்றுமில்லை. சாயங்காலம் கடற்கரையில் மீனவர்கள் வலையைச் சுருட்டிக் குவிப்பதைப் பார்த்தவர், அவர்களையே சேர்த்துக்கொண்டு வலையில் சிற்பம் செய்ய ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் இப்படித் தொங்கவிட்டார். கடலே இல்லாத பாலைவனத்தில், நம் ஊர் வலையின் பேத்தி தொங்குகிறது. அதன் கீழே புல்தரையில் உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். மருமகள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். பேரன் கூச்சப்படவில்லை.

ஃபீனிக்ஸ் கலை அருங்காட்சியகத்தில் புதன்கிழமை மாலை, இஷ்டப்பட்டதைக் கட்டணமாகக் கொடுத்து உள்ளே போகலாம். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா அமைத்த ஓர் இருட்டறை அங்கே இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடி, மேலிருந்து தொங்கும் சின்னச் சின்ன விளக்குகள். மின்மினிக் கூட்டத்துக்குள் நின்றதுபோல இருக்கும். எது சுவர், எது வழி என்று தெரியாது. வயதானவர்கள் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே போகவும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை ரூஸ்வெல்ட் பகுதியில் ஓவியக்கூடங்கள் திறந்திருக்கும். பாதி ஓவியம் எனக்குப் புரியவில்லை. கூட்டம் பிடித்திருந்தது.

ஹேர்ட் அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1929இல் தொடங்கிய, அமெரிக்க ஆதிகுடிகளின் கலைக்கான இடம். மண்பானையும் கம்பளமும் பார்க்கலாம் என்றுதான் போனேன். ஒரு பகுதி முழுவதும் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ஆதிகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசாங்க விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தலைமுடியை வெட்டி, சீருடை மாட்டி, தாய்மொழியில் பேசினால் தண்டித்த வரலாறு. அந்த நகரத்திலேயே அப்படி ஒரு பள்ளி 1891இல் தொடங்கி 1990 வரை நடந்திருக்கிறது. இந்தியன் ஸ்கூல் ரோடு என்று ஒரு பெரிய சாலை. நம்மவர்கள் தினமும் காரில் போகிறார்கள், ஏதோ நம் ஊர்ப் பெயர் போல என்று நினைத்துக்கொண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தக் கூடத்தில் நிற்பது எளிதாக இல்லை. ஊர்ப் பேச்சில் பதில் சொன்ன பையனை நானே எத்தனை தடவை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லைதான். ஆனாலும் நினைவு வந்தது. அந்தப் பையன்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி இருந்த இடம் இப்போது பூங்கா. மூன்று கட்டிடங்கள் மிச்சம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போய் உட்கார்ந்தோம். டிசம்பரில் போயிருந்தால் ஊர் சுற்றுகிற அவசரத்தில் இதைப் பார்த்திருப்போமா, சந்தேகம்தான். கோடையின் ஒரு லாபம், நாள் ஒன்றுக்கு ஓர் இடத்துக்குமேல் போக முடியாது. பார்த்ததை யோசிக்க நேரம் கிடைக்கும்.

எல்லாம் புகழ்ச்சி என்று நினைக்காதீர்கள். அந்த ஊர் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. பெரிய விழாக்கள், கைவினைச் சந்தைகள், இசை நிகழ்ச்சிகள் எல்லாம் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள். குளிர் தாங்காமல் வடக்கேயிருந்து வந்து இறங்கும் வசதிபடைத்த விருந்தாளிகளுக்கு ஏற்ற காலம் அது. பனிப்பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயர். வெயில் ஏறியதும் அவர்கள் பறந்துவிடுவார்கள். உள்ளூரில் காசு உள்ளவர்கள் இரண்டரை மணி நேரம் காரோட்டி 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஓடிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் கூரை போடுகிறவர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள், வயதானவர்கள். ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்குத்தானே முதலில் விழா வேண்டும்? நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் இரவு பத்து வரை திறந்துவைத்துத் தண்ணீரும் கொடுத்தால், அது கலைக்கும் ஆயிற்று, உயிருக்கும் ஆயிற்று. 2024இல் சில நூலகங்களை இரவிலும் குளிர்ச்சி மையமாகத் திறந்து வைத்தார்கள். நல்ல ஆரம்பம். அங்கேயே ஒரு பாட்டுக் கச்சேரியும் வைக்கலாமே என்பது என் ஆசை.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அரசாங்கம் நடத்தும் கோடை விழா எங்கே? ஊட்டியில், கொடைக்கானலில், ஏற்காட்டில். வேலூர்க்காரனுக்கும் திருச்சிக்காரனுக்கும் என்ன? எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள், மே மாதத்தில்கூட. மனிதன் வீட்டை விட்டு வெளியே வருகிற நேரமே அதுதான். ஆனால் நம் சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். கத்திரி வெயிலுக்குப் பக்கத்தில் வைத்த விழா. அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிப்பார்கள். வெயிலை மனதில் வைத்தே திட்டம் போட்டிருக்கிறார்கள். ஃபீனிக்ஸ் நகராட்சிக்காரர் யாராவது ஒரு சித்திரைக்கு மதுரைக்கு வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

சரி, மேப் வரைந்தவனே, உன்னிடம் வருகிறேன்.

டிசம்பரில் கூட்டிப் போனால் என்ன நடக்கும்? நீயும் மனைவியும் வேலையில், பிள்ளைகள் பள்ளியில். அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூனில் உன் பிள்ளைகளுக்கு லீவு. நாள் முழுக்க இரண்டு பேர் பாட்டி பாட்டி என்று சுற்றுவார்கள். கணவரை இழந்து எட்டு மாதம் ஆனவருக்கு எது வேண்டும் என்று நீயே யோசி. இங்கே இன்னும் ஒரு அரை வருஷம் தனி வீட்டில் மூன்று வேளையும் ஒரு ஆளுக்குச் சமைத்துக்கொண்டு இருக்கச் சொல்வது, வெயிலைவிடக் குறைந்த ஆபத்து என்று யார் சொன்னது?

ஆனால் நான் செய்த முட்டாள்தனம் வேண்டாம். காலை எட்டு முதல் சாயங்காலம் ஏழு வரை நடை கிடையாது. நடை என்றால் காருக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டும். தாகம் எடுப்பதற்கு முன்னால் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட மோர். அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு என்று எனக்குத் தெரியும். சில மாத்திரைகள் உடம்பில் தண்ணீரைக் குறைக்கும், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்பச் சொல். மலைப்பாதை ஆசை வேண்டாம், கடும் வெயில் எச்சரிக்கை நாளில் நகராட்சியே சில பாதைகளைப் பகலில் மூடிவிடுகிறது. ஏசி கெட்டால் சரியாகும்வரை காத்திருக்காதே, அன்றைக்கே வேறு வீட்டுக்கு அழைத்துப் போ. நான் சொன்ன நூலகம், இரண்டு அருங்காட்சியகம், வலை தொங்கும் பூங்கா எல்லாம் மின்ரயில் பாதையிலோ அதற்குப் பக்கத்திலோதான். ரயிலில் நல்ல ஏசி. வாரத்துக்கு ஒரு மாலை, ஓர் இடம். அது போதும். ஜூலையில் மழைக்காற்று வரும்போது ஒருநாள் புழுதிச்சுவர் வானத்தை மூடிக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம், உள்ளே இருங்கள். அது போனபின் மழை பெய்தால் கதவைத் திறந்துவிடு. கிரியோசோட் என்று ஒரு புதரின் வாசனை ஊரெல்லாம் அடிக்கும். நம் மண்வாசனைக்குத் தூரத்துச் சொந்தம் என்று அம்மாவே சொல்வார்.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். குழுவில் பதினேழு பேர் கருத்துச் சொன்னீர்களே, அவரை யாரும் கேட்கவில்லையாம். "எப்ப போகணும்னு நினைக்கிறீங்கம்மா?" என்றேன். "வெயில் எனக்குப் புதுசா சார்? பிள்ளைங்க லீவுல இருக்கும்போது போனாத்தானே போனமாதிரி" என்றார். பிறகு உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். டம்ளர் இரண்டு. பழக்கத்தில் அவருடையதையும் சேர்த்து மூன்று டம்ளருக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

டிக்கெட் போட்டதும் சொல். இன்னொரு விஷயம், வீட்டம்மா சொல்லச் சொன்னாள்: முறுக்கு அச்சை மறக்காமல் பெட்டியில் வைக்கச் சொல். உன் வீட்டுப் பின்கட்டில் காலையில் பிழிந்த கூழ்வற்றல் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நாங்கள் அந்த வருஷம் நாலு கிலோ போட்டோம்.